புழுவுக்கு ஓர் இலை

பூ இருந்தும் பூச்சி இல்லை

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள், மதிலுக்கும் வாசலுக்கும் நடுவே எஞ்சிய நிலத்தில் வண்டல் மண் கொட்டிச் சமன்படுத்தி, நர்சரியிலிருந்து காகிதப்பூவும் குரோட்டன்ஸும் வாங்கிவந்து வரிசை பிசகாமல் நட்டு, நடுவில் கொரியன் புல்லும் பாவி, நாள் தவறாமல் நீர் வார்த்து வளர்த்த பிறகும், அத்தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சிகள் வந்து தங்குவதில்லை. வருகிற ஒன்றிரண்டும் கொடியின் மேல் ஒரு வட்டமிட்டுவிட்டு மதில் தாண்டிப் போய்விடுகின்றன. அதே தெருவில் விலை படியாமல் பல வருஷமாகக் கிடக்கும் காலிமனையிலோ, யாரும் விதைக்காமலும் நீர் விடாமலும் எருக்கும் ஆவாரையும் தும்பையும் மண்டிக்கிடக்க, காலை வெயில் ஏறியது முதல் அவற்றின் மேல் பட்டாம்பூச்சியும் வண்டும் தட்டானும் ஓயாமல் திரிகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு சருகைக் கிளறுகிறது. பணமும் உழைப்பும் செலவிட்ட இடத்தில் இல்லாத ஜீவகளை, கைவிடப்பட்ட இடத்தில் நிறைந்திருப்பது ஏன் என்ற கேள்வி, தோட்டத்தில் விருப்பமுள்ள எவர் மனத்திலும் ஒருமுறையேனும் எழுந்திருக்கும்.

காலிமனையில் மனித நடமாட்டம் இல்லை என்பதே பலரும் இதற்குச் சொல்லும் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை அதுவன்று. அதே வீட்டின் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தால், பறவையின் எச்சம்போலக் கறுப்பும் வெளுப்புமாகச் சில புழுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். நாள் முழுதும் ஆள் நடமாடும் இடந்தான் அது. ஆகவே காரணத்தை மனிதரிடம் தேடுவதைவிடச் செடியிடம் தேடுவதே பொருத்தமாகும்.

ஆத்தூரின் மண்ணும் மழையும்

செடியை அறிய, அது நிற்கும் மண்ணை முதலில் அறியவேண்டும்; அதற்கு ஆத்தூரையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனிமலையின் கீழ்ச்சரிவு சமவெளியைத் தொடும் இடத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கித் திண்டுக்கல் நகரத்தின் தாகந் தீர்க்கும் காமராஜர் நீர்த்தேக்கம் இங்கே இருக்கிறது. குடகனாறு இவ்வழியே ஓடி, வடக்கே சென்று அமராவதியில் கலக்கிறது. ஆயினும் இது நீர்வளம் மிகுந்த பிரதேசம் அன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்கு மலைகளில் இறக்கிவிட்டு வறண்ட காற்றாகவே இங்கு வந்து சேர்வதால், வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 800 முதல் 850 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. மீதி மாதங்களை வெயிலும் காற்றும் ஆளுகின்றன.

இத்தகைய மண்ணில் தாமாகவே வாழப் பழகிய செடிகளின் சுபாவம் தனி. வெள்வேலும் குடைவேலும் இலையைச் சிறிதாக்கி முள்ளை நீட்டின. உசிலும் இலந்தையும் சூரையும் வேரை ஆழமாக இறக்கின. பிரண்டை தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொண்டது. எருக்கு இலையின் மேல் வெண்பொடி பூசி வெயிலைத் தடுத்துக்கொண்டது. இவ்வாறு ஒரு நிலத்தின் மண்ணோடும் மழையோடும் பூச்சிகளோடும் பல்லாயிரம் ஆண்டுகள் கூடி வாழ்ந்து உருவான தாவரத்தை இயல்தாவரம் என்றும், பிற தேசங்களிலிருந்து மனிதன் கொண்டுவந்து வைத்ததை அயல்தாவரம் என்றும் இந்நூலில் குறிப்போம். எது இயல், எது அயல் என்பது ஊகத்துக்கு விட்ட விஷயம் அன்று. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் தாவரச் சேகரத்தை நிறுவிய கே. எம். மேத்யு பாதிரியார், தமிழகச் சமவெளியின் தாவரங்களையும், பிறகு பழனிமலையின் தாவரங்களையும் நேரில் சென்று திரட்டி, அரும்பெரும் தொகுதிகளாக எழுதி வைத்திருக்கிறார். பழனிமலை பற்றிய தொகுதிகள் 1999-இல் வெளிவந்தன.

இயல்தாவரம் என்பது தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரு பட்டியல் என்று எண்ணிவிடக்கூடாது. கடற்கரையில் வீடு கட்டுகிறவருக்கு மணலைப் பிடித்து நிறுத்தும் அடும்பும், உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையும், வேலிக்குத் தாழையும் இயல்பானவை. அவற்றை ஆத்தூரின் மேட்டுச் செம்மண்ணில் நட்டுப் பயனில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? தலைக்கு மேலே தெரியும் கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 1985-இல் தோன்றிய பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் போன்ற அமைப்புகள் வளர்த்துவரும் சோலைமரக் கன்றுகள் அம்மலைக்கு அமிர்தம். அடிவாரத்து வெயிலில் அவை ஒரு கோடையைத் தாண்டுவதே அரிது. நம் வாசலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் தானே முளைத்திருப்பதுதான் நம் தோட்டத்துக்கு முதல் ஆசான்.

முட்புதர் என்றாலே பாழ்நிலம் என்று கருதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்த அபிப்பிராயம் தவறானது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே அத்தாட்சி உண்டு. தேவாங்கு என்னும் சாதுவான பிராணி, இரவில் மரத்துக்கு மரம் கிளை வழியாகவே நகர்ந்து பூச்சிகளைப் பிடித்து உண்பது. அதற்கென்றே இந்தியாவில் முதன்முதலாக ஒரு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, அதற்குத் தேர்ந்த இடம் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரவிய கடவூர்ப் பகுதியின் வறண்ட காடுகளே. பரப்பு 11,806 ஹெக்டேர்.

இலைக்குப் பூட்டு

செடிக்குக் கால் இல்லை. தன்னைத் தின்ன வருவதைக் கண்டு ஓட முடியாத ஒரு ஜீவன், தன் உடம்பிலேயே விஷத்தைக் காய்ச்சி வைத்துக்கொள்வதுதான் பிழைக்கும் வழி. வேம்பின் கசப்பு, கறிவேப்பிலையின் வாசனை, கடுகின் காரம், எருக்கின் பால் யாவும் நமக்கு மருந்தாகவும் ருசியாகவும் தோன்றினாலும், செடியின் கணக்கில் அவை காவலாட்களே. ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தனக்கென்று பிரத்தியேகமான ஓர் இரசாயனக் காவலை வைத்திருக்கிறது.

இக்காவலைத் தாண்டுவதற்குப் பூச்சிக்கு நீண்ட காலம் பிடிக்கும். அவ்விஷத்தை முறிக்கவோ, உடம்பின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கவோ வேண்டிய திறமை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட பூச்சியினம் ஒரு குறிப்பிட்ட செடியைத் தின்னத் தகுதி பெறுகிறது. திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டைப்போல ஒவ்வோர் இலைக்கும் அதற்கென்று வார்த்த சாவிதான் பொருந்தும். வேறு சாவி எத்தனை அழகானதாயினும் உள்ளே நுழையாது.

இது வெறுங் கற்பனை அன்று. ஹாலந்து தேசத்துத் தாவர அறிஞர் வெர்ஷாஃபெல்ட், 1910-இல் முட்டைக்கோஸ் தின்னும் புழுக்களை வைத்து ஓர் எளிய சோதனை செய்தார். கடுகுக் குடும்பத்துச் செடிகளின் இலைகளையே தின்று வாழும் அப்புழுக்கள் மற்ற இலைகளைத் தொடாமல் பட்டினி கிடந்தன. ஆனால் அந்த மற்ற இலைகளின்மேல் கடுகுக் காரம் கொண்ட சாற்றைத் தடவி வைத்தவுடன் தின்னத் தொடங்கிவிட்டன. விரட்டுவதற்காகச் செடி வைத்த காரமே, பழகிய பூச்சிக்கு விருந்துக்கு அழைக்கும் வாசனையாகிவிட்டது. பின்னர் 1964-இல் அமெரிக்காவில் எர்லிக், ரேவன் என்ற இருவர், உலகத்துப் பட்டாம்பூச்சிக் குடும்பங்களையும் அவற்றின் புழுக்கள் தின்னும் தாவரக் குடும்பங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றையொன்று துரத்தியபடியே வளர்ந்து வந்தன என்று வாதிட்டார்கள்.

ஆகவே தாய்ப் பட்டாம்பூச்சி, தன் புழு தின்னக்கூடிய செடியைத் தேடித் தன் கால்களாலேயே இலையைத் தொட்டுச் சுவைத்து அறிந்த பிறகே முட்டையிடுகிறது. அத்தகைய செடியை அந்தப் பட்டாம்பூச்சியின் தாய்ச்செடி என்போம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவின் மேலும், கிழக்குத் தீவுகளிலிருந்து வந்த குரோட்டன்ஸின் மேலும் வட்டமிட்டுப் போகும் பட்டாம்பூச்சி தேடிக் காணாதது இதைத்தான்.

எருக்கஞ்செடியில் ஒரு வாழ்க்கை

ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அதில் நடப்பதை நிதானமாகப் பார்ப்பது பத்துச் செடிகளின் பெயரை அடுக்குவதைக் காட்டிலும் பிரயோஜனமானது. ஆத்தூரிலிருந்து செம்பட்டி போகும் சாலையோரமாகட்டும், சின்னாளபட்டியின் தரிசுகளாகட்டும், எங்கும் நிற்கும் எருக்கையே எடுத்துக்கொள்வோம். விநாயகருக்கு மாலையாவதைத் தவிர வேறு மரியாதை அதற்குக் கிடையாது. ஒரு வீட்டில் எருக்கு முளைப்பது அவ்வீடு பாழாவதற்கு அறிகுறி என்று அஞ்சுவோரும் உளர்.

வெந்தய வரியன் என்பது, செம்மஞ்சள் சிறகும் கறுப்பு ஓரமும் அவ்வோரத்தில் வெண்புள்ளிகளும் கொண்ட, நம் ஊர்களில் மிகச் சாதாரணமாகக் காணும் பட்டாம்பூச்சி. எகிப்து தேசத்தில் ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் தீட்டப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஓவியத்தில் பறந்துகொண்டிருப்பதும் இதே பட்டாம்பூச்சிதான். இதன் தாய், எருக்கிலையின் அடிப்புறத்தில் ஓர் இலைக்கு ஒன்று என்ற அளவில் முட்டையிட்டுச் செல்கிறது. நாலைந்து நாளில் வெளிவரும் குட்டிப் புழு, முதலில் தான் இருந்த முட்டையோட்டைத் தின்றுவிட்டு, பிறகு இலையை நோக்கித் திரும்புகிறது.

இங்கேதான் அதற்குச் சோதனை காத்திருக்கிறது. எருக்கிலையைக் கிள்ளிய எவரும் அறிவர், கீறிய இடத்தில் பால் பீறிட்டு வரும் என்பதை. ஒட்டும் தன்மை கொண்ட அந்தப் பால் காற்றுப் பட்டதும் இறுகுவது. சிறு புழுவின் வாயை அடைத்து அதைக் கொன்றுவிடப் போதுமானது. புழு என்ன செய்கிறதென்றால், தின்னப்போகும் பகுதியைச் சுற்றி வளைவாக ஒரு பள்ளத்தை மெல்லக் கடித்துக்கொண்டே போகிறது. பால் வரும் நாளங்கள் அறுபட்டு, பால் அப்பள்ளத்திலேயே வடிந்துவிட, உள்ளே எஞ்சிய துண்டு பாலற்ற வெறும் இலையாகிவிடுகிறது. அதன்பின் புழு அமைதியாக அதை உண்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமல், பிறந்த சில மணி நேரத்தில் ஒரு புழு செய்யும் காரியம் இது!

பாலை வடித்தாலும் இலையின் விஷம் முழுவதும் போய்விடுவதில்லை. எருக்கின் விஷம் இருதயத்தைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது; உயிரணுக்கள் உப்பை வெளியே தள்ளுவதற்கு வைத்திருக்கும் நுண்ணிய பம்பைச் செயலிழக்கச் செய்வது. வெந்தய வரியன் சேர்ந்த குடும்பத்தில் அந்தப் பம்பின் அமைப்பே சற்று மாறியிருப்பதால், மற்றவற்றைக் கொல்லும் அளவு இவற்றை வருத்துவதில்லை. அதுமட்டுமன்று, அவ்விஷத்தைப் புழு தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. கறுப்பும் வெளுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகளோடு பட்டப்பகலில் ஒளியாமல் அது இருப்பதன் காரணம் அதுவே. ஒருமுறை கொத்திக் கசப்பை அறிந்த பறவை, அந்த வர்ணத்தை எளிதில் மறப்பதில்லை. நான்கு முறை சட்டை உரித்து, இரண்டு வாரத்தில் வளர்ந்து, பொற்புள்ளிகள் பதித்த பச்சைக் கூண்டுப்புழுவாகத் தொங்கி, முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் சிறகு விரித்துப் பறந்துவிடுகிறது.

கதை அதோடு முடியவில்லை. ஆண் வெந்தய வரியன் பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்குவதற்கு எருக்கில் இல்லாத வேறொரு சரக்கு வேண்டும். அதைத் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளின் வாடிய இலைகளிலும் தண்டுகளிலும் வந்து உறிஞ்சிப் பெறுகிறது. ஆக, ஒரு பட்டாம்பூச்சி வம்சம் நிலைப்பதற்கு ஒரு செடி போதாது. ஒரு சுற்றுப்புறமே வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. விஷமே இல்லாத வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி, வெந்தய வரியனின் உருவத்தையும் நிறத்தையும் அப்படியே தாங்கிப் பறந்து, அதன் விஷத்துக்குக் கிடைக்கும் மரியாதையைத் தானும் பெற்றுக்கொள்கிறது. இவ்வகை வேஷத்தை 1862-இல் முதன்முதலில் விளக்கியவர் ஆங்கிலேயரான பேட்ஸ். அந்த வேஷதாரியின் தாய்ச்செடி நம் கொல்லையில் களையென்று பிடுங்கி எறியும் பருப்புக்கீரை. எருக்கு நின்று, பருப்புக்கீரை போனால் வேஷம் போடுகிறவளும் போய்விடுவாள்.

எருக்கம்பூவுக்கு வருவோம். அதன் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இரண்டிரண்டு பொட்டலமாக மெழுகுபோல் திரண்டிருப்பது. அதைக் காலில் மாட்டி இழுத்துப் போகப் பலசாலியான ஒரு பூச்சி தேவை. வீட்டு உத்தரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு, அறிஞர் தச்சுத் தேனீ என்று அழைப்பது, அந்த வேலையைச் செய்கிறது. அது குடியிருக்கக் காய்ந்த மரம் வேண்டும்; பட்டுப்போன கிளையையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்யும் வீட்டில் அதற்கு இடமில்லை. இலையடியில் மஞ்சள் நிற அசுவினிகள் கூட்டமாக அப்பியிருக்கும். அவற்றைத் தின்னப் பொறிவண்டு வரும். நீலமும் மஞ்சளும் கலந்த எருக்கு வெட்டுக்கிளி பெருக்கத்தின்போது செடியையே மொட்டையாக்கும். காய் வெடித்தால் பறக்கும் பட்டுப்போன்ற பஞ்சை, தேன்சிட்டு தன் தொங்குகூட்டின் உள்மெத்தைக்கு எடுத்துச் செல்லும். ஒரு செடியைச் சுற்றி இத்தனை குடித்தனம்.

தேன் வேறு, இலை வேறு

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயமே. உண்ணிச்செடியின் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றனவே, அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அயல்தாவரந்தானே என்று கேட்கலாம். உண்மைதான். தேனுக்குக் காவல் இல்லை. உறிஞ்சும் குழல் எட்டுமானால் எந்தப் பூச்சியும் எந்தப் பூவிலும் அருந்தலாம். ஆனால் தேன் என்பது வழிப்போக்கனுக்கு வைத்த தண்ணீர்ப்பந்தல். குடும்பம் நடத்த அது போதாது. பூவில் திளைத்த பட்டாம்பூச்சி முட்டையிட வேறிடம் போகவேண்டியிருக்கிறது. உண்ணி பரவிப் பரவி மற்றச் செடிகளை அமுக்கும்போது அந்த வேறிடமும் இல்லாமற் போகிறது. 1877-இல் கடப்பைப் பகுதியில் முதலில் விதைக்கப்பட்டு, இன்று கண்மாய்களையெல்லாம் கைப்பற்றியிருக்கும் சீமைக்கருவேலின் கதையும் அத்தகையதே.

மறுபுறம், அயல் என்பதற்காகவே ஒரு செடியை வெறுப்பதும் சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. அலங்காரத்துக்கு வைக்கும் அரளியை எடுத்துக்கொள்ளுங்கள்: அது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது, பாலும் விஷமும் ஒத்த ஜாதி. ஆதலால் வெந்தய வரியனின் உறவினமான கரும்பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று, கூசாமல் அரளியில் முட்டையிடுகிறது. எங்கிருந்து வந்த எலுமிச்சை வகையாயினும், கறிவேப்பிலையைத் தின்னும் இனங்கள் அதையும் ஏற்றுக்கொள்கின்றன. ஊர்ப் பூச்சிகளுக்குத் தெரிந்த இரசாயனம் அதில் இருக்கிறதா என்பதே முக்கியம். அதை ஒவ்வொன்றாகச் சோதித்தறிய நம்மால் இயலாதாகையால், இயல்தாவரத்தை நடுவது தவறுவதற்கு இடமில்லாத வழி.

குஞ்சுக்கு ஆகாரம்

பட்டாம்பூச்சி அழகுக்கு, புழு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பறவைகளை விரும்புகிறவர்களாயின், விடை எளிது. தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும், பழம் தின்னும் கொண்டைக்குருவியும், தேன் குடிக்கும் தேன்சிட்டும் தம் குஞ்சுகளை வளர்ப்பது பெரும்பாலும் புழு பூச்சிகளைக் கொண்டே. சிறகு முளைக்கும் பிராயத்தில் வேண்டிய புரதம் தானியத்தில் இல்லை. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்து டக்ளஸ் டாலமி என்னும் பூச்சியியல் பேராசிரியர், 2007-இல் எழுதிய நூலின் மூலம் வீட்டுத் தோட்டக்காரர்களிடையே பெரும் மாறுதலை உண்டாக்கியவர், சிக்கடி என்ற சிறு குருவி ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துக் கூட்டைவிட்டுப் பறக்கச்செய்ய 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவைப்படுகின்றன என்று எடுத்துக்காட்டுகிறார். அவரும் நராங்கோ, மாரா என்ற இருவரும் வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு, தோட்டத்துத் தாவரத் திரளில் இயல்தாவரம் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அக்குருவியின் இனம் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள முடிவதில்லை என்பது.

வேறு தட்பவெப்பத்தில் வேறு குருவிக்குக் கண்ட அந்த 70 என்ற எண்ணை ஆத்தூருக்கு அப்படியே கொண்டுவந்து வைப்பது சரியன்று. ஆனால் அதன் உட்பொருளுக்குத் தேச பேதம் இல்லை: தின்ன முடியாத இலைகளால் நிறைந்த தோட்டம், பறவையின் கண்ணுக்குப் பசுமையான பாலைவனமே.

ஐந்து சென்ட் நிலத்தில்

ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 2,180 சதுர அடி. வீடு பாதியை எடுத்துக்கொண்டாலும் ஆயிரம் சதுர அடி மண் எஞ்சும். அதைச் சிமெண்டால் மூடாமலிருப்பதே செய்யவேண்டிய முதற்காரியம்.

மதிலுக்குப் பதிலாகவோ, மதில் கட்டியாயிற்றென்றால் அதன் உட்புறமாகவோ, கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைக்கலாம். இப்பக்கத்துத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இது. நட்டுவிட்டால் ஆடு கடிக்க அஞ்சும். அடியில் ஓணான் குடியேறும். பிரண்டையும் ஆதொண்டையும் தாமே ஏறிப் படரும். ஆதொண்டையின் இலையை நம்பி வாழும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் தனி வகுப்பு. மரம் என்று ஒன்றுக்குத்தான் இடம் இருக்குமானால், புங்கனோ வேம்போ போதும். சித்திரை வெயிலில் தளிர்த்து நிற்கும் புங்கனின் நிழல், வீட்டையும் குளிர்விக்கும். வேப்பம்பழத்துக்கு மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். ஆலும் அரசும் பறவைகளுக்கு எத்தனை உகந்தவையாயினும் அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். அவை ஊர்ப்பொதுவிலும் கோயில் நிலத்திலும் வளரட்டும்.

மரத்துக்கும் வேலிக்கும் இடைப்பட்ட வெயில் நிலம் ஆவாரைக்கு உரியது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு ஊர் முழுதும் தேடும் அப்பூ, தன் வீட்டிலேயே பூத்திருப்பது எவ்வளவு சௌகரியம்! ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தமே கூலி. அது உதிரும் துவாரம் மிகச் சிறியதாகையால், வண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை ரீங்காரத்தோடு அதிரச் செய்துதான் அதைப் பெறவேண்டும்; காலையில் செடியருகே நின்றால் அவ்வோசை காதில் விழும். இலையிலோ வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இருக்கும். அதனருகே நொச்சியும் ஆடாதொடையும், சமையலறைப் பக்கம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நிற்கட்டும். தரையில் தும்பையும் சிறுபீளையும் பருப்புக்கீரையும் முளைத்தால் களையென்று கொத்தாமல் ஒரு மூலையையேனும் அவற்றுக்கு விட்டுவிடவேண்டும். எருக்கு ஒன்றே ஒன்று போதும். வெள்ளெருக்காயின் வீட்டுப் பெரியவர்களும் ஆட்சேபிக்கமாட்டார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு செய்யுமாதலால், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு எட்டி, வேலியோரமாக வைப்பது அவசியம்.

மேலும் மூன்று சிறு ஏற்பாடுகள். பட்ட கிளை ஒன்றை, தலையில் விழாத இடத்தில், வெட்டாமல் விடுங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் குவியுங்கள். தவிட்டுக்குருவிகள் கிளறுவது அதைத்தான். ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைத்து, கொசு முட்டையிட்டுப் பெருகாதபடி இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி நிரப்புங்கள்.

பாம்பு வராதா என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் கேட்பார்கள்; அலட்சியம் செய்யக்கூடிய கேள்வி அன்று. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. சிந்திய தானியமும், அடுக்கிய செங்கலும், மூலையில் குவித்த பழைய சாமானும் எலிக்கு வீடு. அவற்றை அகற்றி, வாசலையும் நடைபாதையையும் சுற்றிப் பத்தடி தூரம் வெட்டவெளியாக வைத்து, இரவில் விளக்கோடு நடந்தால் அச்சம் பெரும்பாலும் தீரும். புதர் வேலியோரத்திலேயே இருக்கட்டும்.

புழு தின்ற இலையைக் கண்டு மனம் பதைப்பதுதான் இவ்வகைத் தோட்டத்துக்கு மிகப்பெரிய பகை. மருந்துக் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கிவந்து தெளித்தால், புழுவோடு, அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டும், புழுவுக்குள் தன் முட்டையை வைத்து அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் குளவியும் சேர்ந்தே மடியும். பிறகு அடுத்த முறை வரும் அசுவினிக்குத் தடையே இராது. ஆவாரையும் எருக்கும் மொட்டையாகிப் போனாலும் மழை விழுந்ததும் தளிர்த்துவிடும் சுபாவமுள்ளவை. கறிவேப்பிலைக் கன்று இளசாயிருந்து, புழு மிகுந்து போனால், சில புழுக்களை எலுமிச்சைக்கு மாற்றி விடுவதே போதுமான வைத்தியம்.

நடும் காலம்

குழிகளை ஆவணியிலேயே வெட்டி ஆறப்போட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டால், ஐப்பசி கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை நீர் வார்க்கவேண்டும். இரண்டாவது கோடையில் அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆவாரை விதையும் எருக்கு விதையும் சாலையோரத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புங்கன், வேம்பு நாற்றுகளுக்கும் பஞ்சமில்லை. மேலே பழனிமலைச் சரிவு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்கு உட்பட்டதாகையால், அங்கிருந்து செடி பிடுங்கி வருவது குற்றம். அதற்கு அவசியமும் இல்லை.

இந்நூலை வாசிக்கும் ஆத்தூர், சித்தையன்கோட்டை, சின்னாளபட்டி வாசிகளுக்கும், அவர்களைப் போன்ற மற்ற ஊராருக்கும் ஒரு வேண்டுகோள்: வருகிற புரட்டாசியில் ஆவாரை ஒன்றையேனும் நடுங்கள், அதன் இலையில் துளை விழுந்தால் மருந்தடிக்காமல், அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள்.